ஜப்பானிய மேப்பிள்: ஒக்டோபர் நிறத்துக்கு ஜூலையில் வேலை

ஒன்ராறியோவுக்கு வந்து, பேஸ்மென்ட் வாடகை, அப்பார்ட்மென்ட் எல்லாம் தாண்டிச் சொந்தமாக ஒரு வீடும் அதன் பின்னால் ஒரு துண்டு வளவும் கிடைத்ததும் நாம் முதலில் நடுவது கத்தரி, தக்காளி, மிளகாய். அதற்கு யாரும் வழிகாட்டி எழுதத் தேவையில்லை, வீட்டில் இருக்கிற அம்மாமாரே போதும். அப்புறம் ஒரு இலையுதிர்காலத்தில் வடக்கே மேப்பிள் காடு சிவந்து நிற்கும் அல்கொன்குவின் பார்க்கைப் பார்த்துவிட்டு 400ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, இவ்வளவு தூரம் ஓடிப்போய்ப் பார்க்கிற சிவப்பில் கொஞ்சம் நம் குசினி யன்னலுக்கு நேரே நின்றால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்குத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒக்டோபரில் நிறம் வரவைப்பதற்கு ஒக்டோபரில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஜூலையிலும் ஓகஸ்டிலும் இலை கருகாமல் முழுசாக இருந்தால் நிறம் தானாக வரும், அப்போது ஓரம் பொசுங்கிப்போன இலை பின்னர் எந்தக் குளிருக்கும் சிவக்காது. அதனால் கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் இடத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் இருக்கும். அலுப்பாக இருந்தாலும் வாசியுங்கள்.

எந்த மரம்

அல்கொன்குவினில் நாம் வாய்பிளந்து பார்ப்பது பெரும்பாலும் சுகர் மேப்பிள். 20 மீற்றருக்கு மேல் வளரும், அகலத்துக்கும் குறைவில்லை. புதிதாகக் கட்டிய பகுதிகளில் வீட்டுப் பின்சுவரிலிருந்து வேலிவரை பத்து மீற்றர் இருந்தாலே பெரிய வளவு என்கிறோம், அங்கே இதை நட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் வெட்டுக்கூலி கொடுக்கவேண்டிவரும். நேர்சரிகளில் அதிகம் விற்கிற ‘ஒட்டம் பிளேஸ்’ என்ற கலப்பு மேப்பிள் வேகமாக வளர்ந்து நல்ல சிவப்புத் தரும். ஆனால் அதுவும் பெரிய மரம், போதாததற்கு நம் பக்கத்துச் சுண்ணாம்புத் தன்மையுள்ள களிமண்ணில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாக வெளுத்துப்போவதும் உண்டு.

இன்னொன்றில் ஏமாறாதீர்கள். கருஞ்சிவப்பு இலையோடு கோடை முழுக்க நிற்கிற ‘கிரிம்சன் கிங்’ என்பது நோர்வே மேப்பிள் வகை. அதைப் பார்த்துவிட்டு ‘சிவப்பு மேப்பிள்’ என்று வாங்குகிறவர்கள் பலர். அடியில் புல்லும் முளைக்காத அளவுக்கு நிழல், மேலாக ஓடும் வேர், இலையுதிர்கால நிறமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நோர்வே மேப்பிள் விதை காற்றில் போய் ஆற்றோரக் காடுகளில் முளைத்து உள்ளூர் மரங்களை நெருக்கிவிடுகிறது என்பதால் இங்கே ஆக்கிரமிப்புத் தாவரமாகவும் கருதப்படுகிறது.

சின்ன வளவுக்கு என் தெரிவு ஜப்பானிய மேப்பிள். நிமிர்ந்து வளரும் வகைகள் பதினைந்து இருபது வருடத்தில் 4 முதல் 6 மீற்றர், தொங்கு வகைகள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரத்துக்கும் அதிகமான இரகங்கள் இருக்கின்றன, அத்தனையையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கடைகளில் எங்கும் கிடைப்பது ‘பிளட்குட்’. வசந்தத்திலிருந்தே சிவப்பு, குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஆறு மாதமாகச் சிவப்பாக நின்ற மரம் ஒக்டோபரில் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று சிவக்கிறது, அவ்வளவுதான். மாற்றத்தைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டோம்? அதற்குக் கோடையில் பச்சையாக இருக்கும் இரகம் வேண்டும். ‘ஒசகாசுக்கி’ அப்படிப்பட்டது, செப்டெம்பர்வரை சாதாரணப் பச்சை மரமாக நின்றுவிட்டு இலையுதிர்காலத்தில் பார்ப்பவரை நிறுத்திவைக்கிற சிவப்புக்குப் போகும். இழைபோல வெட்டுப்பட்ட இலையும் நிமிர்ந்த வளர்ச்சியும் வேண்டுமென்றால் ‘செய்ரியு’, அது பொன் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்து வரும். ‘எம்பெரர் வன்’ பிளட்குட் போன்ற சிவப்பு இலை மரம், ஆனால் சில நாள் பிந்தித் துளிர்ப்பதால் மே மாத உறைபனியில் தப்பிக்கொள்ளும். பவளநிறப் பட்டைக்காக ‘சங்கோ காகு’வை எல்லாரும் விரும்புவார்கள், நானும் விரும்புவேன், ஆனால் இங்கத்தைய குளிரில் அதன் கிளை நுனிகள் அடிக்கடி கருகும். முதல் மரமாக அது வேண்டாம்.

கன்றில் தொங்கும் பெயர் அட்டையில் குளிர் தாங்கும் மண்டலம் என்று ஒரு எண் இருக்கும், எண் குறையக் குறையக் குளிர் கூடும். ரொறன்ரோ ஏரிக்கரைப் பக்கம் 6, 7 என்றும், வடக்கே போகப் போக 5 என்றும் வரும். அட்டையில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு, கனடாவின் மண்டல வரைபடம் வேறு முறையில் கணிக்கப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழம்பாமல் ஒரு எண் மிச்சம் வைத்து வாங்குங்கள், அதாவது உங்கள் இடம் 6 என்றால் 5 என்று போட்ட மரம். ஒட்டாவாப் பக்கம் இருப்பவர்கள் கொரிய மேப்பிளைத் தேடுங்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மரம், மண்டலம் 4வரை தாங்கும், நிறத்திலும் குறை சொல்ல முடியாது.

இலைக்குள் நடப்பது

இதை நீட்டப்போவதில்லை, ஆனால் தெரிந்திருந்தால் பராமரிப்பு ஏன் இப்படி என்பது விளங்கும். நாள் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் இலையின் பச்சைச் சாயமான பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. ஏற்கெனவே இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்லை. அந்தோசயனின் என்ற சிவப்புச் சாயத்தை இலை அந்த நேரத்தில் புதிதாகச் செய்யவேண்டும், அதற்கு இலையில் சர்க்கரை இருக்கவேண்டும், சர்க்கரைக்கு வெயிலும் சேதமில்லாத இலையும் வேண்டும். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர், இந்த இரண்டும் ஒரு பத்து நாள் சேர்ந்து வந்தால் அந்த வருடம் நிறம் பிரமாதம். மூட்டமும் மழையுமாக ஒக்டோபர் போனால் மரம் என்ன செய்யும், மங்கலாகத்தான் நிற்கும்.

ஊரில் வாதுமை மரம் இலை சிவந்து உதிர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஊருக்கு இந்த மேப்பிளைக் கொண்டுபோய் நடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், வேண்டாம். இதற்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம், அது கிடைக்காத இடத்தில் மரம் வருடத்துக்கு வருடம் மெலிந்து போகும்.

எப்போது வாங்குவது

மரத்தை ஒக்டோபரில் போய்ப் பாருங்கள். மே மாதம் நேர்சரியில் எல்லாமே வடிவாகத்தான் இருக்கும், ஒக்டோபரில்தான் எது எந்த நிறத்துக்குப் போகிறது என்று கண்ணால் காணலாம், சில இடங்களில் விலையும் இறங்கியிருக்கும். நேர்சரிக்குப் போக முன்னர் வளர்ந்த மரம் பார்க்கவேண்டுமென்றால் மிசிசாகாவில் கரியா பார்க் என்று ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது, செலவில்லாமல் சுற்றிப் பார்த்துவரலாம். அல்கொன்குவினில் நிறம் உச்சத்துக்கு வருவது செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் கிழமையிலும், ஆனால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஜப்பானிய மேப்பிள்கள் ஒக்டோபர் பிற்பாதியில் தொடங்கி நவம்பர் முதல் பாதிவரை இழுக்கும், அதனால் அவசரப்பட்டுப் போய்விட்டு ‘ஒன்றும் சிவக்கவில்லை’ என்று திரும்பாதீர்கள்.

கன்றை எடுக்கும்போது இலையை விட அடியைப் பாருங்கள். பெயர் போட்டு விற்கும் ஜப்பானிய மேப்பிள் பெரும்பாலும் ஒட்டுக்கன்று. தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு வளைவோ தடிப்போ தெரியும், அதுதான் ஒட்டிய இடம். அது நன்றாக மூடியிருக்கவேண்டும், வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே இருந்து பச்சைத் துளிர் கிளம்பியிருந்தால் அது ஒட்டுக்கு அடிமரமாக வைத்த கன்றின் துளிர், விட்டால் நீங்கள் காசு கொடுத்த இரகத்தை அது விழுங்கிவிடும். வீட்டிலும் ஒவ்வொரு வருடமும் இதைக் கவனித்து அடியோடு கிள்ளிவிடவேண்டும். பிறகு கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சாடியைக் கொஞ்சம் சரித்துக் கன்றை மெதுவாக இழுத்து வேரைப் பாருங்கள். வேர்கள் சாடியின் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றிப் பாய் பின்னியது போல இருந்தால் அந்தக் கன்று அதே சாடியில் பல வருடம் கிடந்தது என்று அர்த்தம். பெரிய மரம் வாங்கினால் சீக்கிரம் பலன் என்று நினைத்து மூன்று மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை, சின்னக் கன்று வேகமாக வேர்பிடிக்கும்.

இடம்

காலை வெயில், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கு அருமை. முழு நிழலில் வைத்தால் சிவப்பு இரகம் பச்சை கலந்த மண்நிறமாகிவிடும், பச்சை இரகம் இலையுதிர்காலத்தில் மஞ்சளோடு நின்றுவிடும். நாள் முழுக்க வெயில் அடிக்கிற தெற்குச் சுவரோரம் இன்னும் மோசம்: கோடையில் சுவரின் சூடு இலையைப் பொசுக்கும், ஏப்ரலில் அதே சூடு மரத்தை நேரத்துக்கு முன் எழுப்பிவிட்டு உறைபனிக்குக் காட்டிக் கொடுக்கும். மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிற காற்றுக்கு ஒரு மறைவு வேண்டும், வேலியோ ஷெட்டோ போதும். வீட்டுச் சுவரிலிருந்து நிமிர்ந்த இரகத்துக்கு இரண்டரை மூன்று மீற்றர் விடுங்கள். பீலித் தண்ணீர் கொட்டுகிற மூலை வேண்டாம், டிரைவ்வேயில் வழிக்கிற உப்புப் பனியைக் குவிக்கிற இடமும் வேண்டாம்.

இனி நம் ஆட்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் வருடக்கணக்காக நட்ட பாத்தியில் மேப்பிள் வைக்காதீர்கள். வேர்ட்டிசிலியம் என்ற பூஞ்சை இந்தக் காய்கறிகளுக்கும் வரும், மேப்பிளுக்கும் வரும், மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். கத்தரிச்செடி காய்க்கிற நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வாடி மஞ்சளாகிச் செத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாத்தியை மரத்துக்கு ஒதுக்கவே கூடாது. பலர் கத்தரி இனிச் சரிவராது என்று கண்ட இடத்தைத்தான் மரத்துக்குக் கொடுக்கிறார்கள்.

கிடங்கு வெட்டுதல்

மண்வெட்டியைத் தொட முன்னர் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவியுங்கள். இது சட்டம், சேவை இலவசம். ஆட்கள் வந்து நிலத்தடியில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் இட்டுப் போவார்கள், மஞ்சள் என்றால் காஸ், சிவப்பு என்றால் மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி இணையம், நீலம் தண்ணீர். சில வேலை நாட்கள் எடுக்கும், ஆகவே சனிக்கிழமை காலையில் மரத்தை வாங்கிக்கொண்டு வந்து அன்றைக்கே வெட்டலாம் என்று இருக்காதீர்கள்.

நடும் காலம் மே நடுப்பகுதிக்குப் பிறகு. விக்டோரியா டே நீண்ட வார இறுதி என்று இங்கே எல்லாரும் வைத்திருக்கிற கணக்குச் சரிதான். செப்டெம்பரிலும் நடலாம், ஆனால் ஒக்டோபர் நடுவைத் தாண்டவேண்டாம், வேர் பிடிக்க நேரம் இராது. ஒக்டோபரில் நிறம் பார்த்து வாங்கியவர்கள் கன்றைச் சாடியோடு வைத்திருந்து (சாடியைக் குளிர்காலத்தில் எப்படி வைப்பது என்று கடைசியில் சொல்கிறேன்) வசந்தத்தில் நடுவது நல்லது. அல்லது இரகத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்து மே மாதம் போய் வாங்குங்கள்.

புதுவீட்டு வளவுகளில் மேலே பத்துச் சென்ரிமீற்றர் கறுப்பு மண், கீழே கட்டட வேலை வாகனங்கள் மிதித்து இறுக்கிய களி. முதலில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள், மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றராவது இறங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. மறுநாளும் குளமாக நின்றால் அந்த இடத்தில் கிடங்கே வேண்டாம், நல்ல மண் போட்டு ஒன்றரை இரண்டு மீற்றர் அகலத்துக்கு ஒரு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். இந்த மரம் வரட்சியில் அழுது காட்டும், ஆனால் நீர் தேங்கினால் ஒரு அறிகுறியும் காட்டாமல் வேரழுகிச் செத்துவிடும்.

கிடங்கின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டியை விடக் கூடவே கூடாது. ஆழமாக வெட்டி நல்ல மண் போட்டு நிரப்பினால் அது பிறகு அமர்ந்து மரமும் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கங்கள் மினுமினுவென்று மெழுகியது போல இருக்கும், வேர் அதைத் துளைக்க மாட்டாது, முள்ளுக் கரண்டியால் கீறி விடுங்கள். சாடியை எடுத்ததும் சுற்றியிருக்கும் வேர்களைக் கையால் பிரியுங்கள், பிரியாததைக் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் நெடுக்காகக் கீறிவிட்டால் போதும். மேல் மண்ணைக் கொஞ்சம் விலக்கித் தண்டு அகன்று வேராக மாறுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், அது நில மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும், களிமண் என்றால் ஐந்து சென்ரிமீற்றர் மேலே நின்றாலும் நல்லது. வெட்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். கிடங்கு முழுக்கப் பை மண்ணும் கொம்போஸ்டும் போட்டு நிரப்புவது மரத்துக்கு உபகாரம் என்று தோன்றும், ஆனால் சுற்றிலும் களி, நடுவில் பஞ்சு மண் என்றால் மழைத் தண்ணீர் எல்லாம் வந்து அதற்குள்தான் நிற்கும். கொம்போஸ்ட் போட ஆசையென்றால் மேலே பரப்புங்கள். முதல் வருடம் பசளை ஒன்றும் வேண்டாம்.

மேலே மரச்சீவல் ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் தடிப்பில், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கி. இந்த ஊரில் தெருத்தெருவாக மரத்தடியில் சீவலை எரிமலை போலக் குவித்து வைத்திருப்பார்கள், அது பட்டையை அழுகவைத்து எலிக்கும் வீடு கட்டிக் கொடுக்கிற வேலை, பார்த்துப் பழகாதீர்கள்.

தண்ணீர்

முதல் இரண்டு கோடையும் இதுதான் முழு வேலை. தினமும் ஹோஸைப் பிடித்து இலையில் தெளிப்பதில் பிரயோசனம் இல்லை. கிழமைக்கு ஒருமுறை, முப்பது பாகைக்கு மேல் வெயில் எறிக்கிற நாட்களில் இரண்டுமுறை, 15 முதல் 20 லீற்றர் மெதுவாக வேரடியில் இறங்கவேண்டும். லேசான வழி: பழைய அஞ்சு கலன் வாளியின் அடியில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு மரத்தடியில் வைத்து நிரப்பிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். விடுவதற்கு முன் சீவலை விலக்கி விரலை மண்ணுக்குள் இரண்டாவது மடிப்புவரை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் இன்றைக்குத் தேவையில்லை. புல்லுக்குப் போட்ட ஸ்பிரிங்ளர் பட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் அது அடித்த பிறகு மரத்தடியைத் தோண்டிப் பாருங்கள், ஒரு விரற்கடைக்குக் கீழே மண் பொடியாக இருக்கும்.

ஜூலையில் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் மரத்தின் நிலைமை தெரியும். விரல் போலப் பிரிந்த இலைப் பகுதிகளின் நுனி மட்டும் கடதாசி போல மண்நிறமாகி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் அது நோய் இல்லை, சூட்டுக் காற்றில் இலையால் ஆவியாகிற தண்ணீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த வருடம் மேற்குப் பக்கம் ஒரு மறைவு கட்டுங்கள். இந்த வருடம் அந்த இலைகள் அப்படியேதான் நிற்கும். வரட்சி கடுமையானால் மரம் செப்டெம்பரிலேயே இலையை உதிர்த்துவிடும், நிறம் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரைக் குறைத்தால் சீக்கிரம் சிவக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

பசளை விஷயத்தில் கை இறுக்கம் நல்லது. இரண்டாம் வருடத்திலிருந்து வசந்தத்தில் ஒரு படை கொம்போஸ்ட் போதும். நைதரசன் கூடினால் மரம் ஓகஸ்டிலும் இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும், அந்தத் தளிர் முற்றாமல் குளிரில் கருகும், பச்சை மறையவும் பிந்தும். நீங்கள் போடாவிட்டாலும் புல்லுக்குப் போடுகிற பசளை மரத்தடிக்குப் போய்விடும், அதைக் கவனியுங்கள்.

வெட்டும் தொல்லையும்

முதல் மூன்று வருடம் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தால் உத்தமம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் கோடை நடுவில் அல்லது இலை கொட்டிய பிறகு. மார்ச், ஏப்ரலில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு நாட்கணக்காக ஒழுகும், மேப்பிள்களின் குணம் அது. குளிரில் கருகியது போலத் தெரியும் நுனிகளை ஏப்ரலில் கண்டதும் வெட்டிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள், கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஜூன் நடுப்பகுதிவரை பொறுத்தும் துளிர்க்காததை மட்டும் ஒரு மொட்டுக்கு மேலாக வெட்டுங்கள்.

ஜூலையில் பச்சை உடலும் செப்புநிற முதுகுமாக மினுங்குகிற ஜப்பானிய வண்டு வந்து இலையை நரம்பு மட்டும் விட்டு அரிக்கும். விடியற்காலையில் அது சோம்பலாக இருக்கும், சோப்புத் தண்ணீர்க் கோப்பையைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் உள்ளே விழும். கடையில் விற்கிற பொறிகளை வாங்கி மரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், பக்கத்து வளவு வண்டையும் சேர்த்து வரவழைக்கும்.

வேர்ட்டிசிலியம் வந்தால் கதை வேறு. நல்ல தண்ணீர் இருந்தும் திடீரென ஒரு கிளை மட்டும் வாடித் தொங்கும். அந்தக் கிளையை வெட்டிக் குறுக்குவாயைப் பாருங்கள், பட்டைக்குக் கீழே மரத்தில் கரும்பச்சையோ மண்நிறமோ ஆன கோடு அல்லது வளையத் துண்டு தெரிந்தால் அதுதான். மருந்து இல்லை. வாடிய கிளைகளை எடுத்து, தண்ணீரைச் சீராக வைத்தால் சில மரங்கள் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். செத்துப்போனால் அதே இடத்தில் இன்னொரு மேப்பிள் நடாதீர்கள். வெட்டிய கத்தரிக்கோலை அல்ககோலால் துடைத்துவிட்டு மற்ற மரத்தைத் தொடுங்கள்.

நவம்பர் முதல் மே வரை

இலை விழத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துவது பொதுவான பழக்கம். ஆனால் நிலம் உறையும்வரை வேர் வேலை செய்கிறது, அதனால் மழையில்லாத நவம்பர் என்றால் வாளியை இன்னும் எடுத்துவைக்காதீர்கள். சில வருடம் திடீரென ஒரு கடும் உறைபனி முன்கூட்டியே வந்து, இலையைக் கிளையிலிருந்து கழற்றிவிடுகிற பிரிவுப்படை காம்பில் உருவாக முன்னரே இலை செத்துவிடும். அப்போது மரம் மண்நிற இலைகளைக் குளிர்காலம் முழுக்கத் தொங்கவிட்டபடி நிற்கும். பார்க்க அசிங்கம்தான், மரத்துக்குக் கெடுதல் இல்லை, பிடுங்க வேண்டாம், வசந்தத்தில் தானாக விழும்.

முயல்தான் குளிர்காலத்தில் பெரிய எதிரி. பனிக்கு மேலே எட்டுகிற பட்டையை வட்டமாகக் கறம்பிவிட்டால் மேலே உள்ள முழு மரமும் போச்சு. சின்னக் கண்ணுள்ள கம்பிவலையைத் தண்டைச் சுற்றி, தண்டில் படாமல், முயல் பனியில் ஏறி நின்றாலும் எட்டாத உயரத்துக்கு வையுங்கள், ஒரு மீற்றர் என்றால் தைரியமாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று குளிருக்கு மேற்கு வடமேற்குப் பக்கத்தில் மூன்று தடி ஊன்றிச் சாக்குத்துணியைத் திரையாகக் கட்டுங்கள். மரத்தையே சுற்றிக் கட்டத் தேவையில்லை, பிளாஸ்டிக்கால் மூடவே கூடாது, பெப்ரவரி வெயிலில் உள்ளே அவிந்துபோகும். நடைபாதை மரத்துக்குப் பக்கத்தில் என்றால் உப்புக்குப் பதில் மணலைத் தூவுங்கள்.

வசந்தத்தில் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நாலு நாள் சூடு வந்ததும் மொட்டு விரிந்துவிடும், மே முதல் பாதியில் ஒரு இரவு மைனஸ் இரண்டுக்கு இறங்கும், காலையில் தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரித் தொங்கும். இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட வரும் என்று அறிவித்தால் பொழுதுபட முன்னரே ஒரு பழைய சேலையால் மரத்தை நிலம்வரை மூடிவிடுங்கள். ஆறு யார் நூல்சேலை இதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். காலையில் எடுத்துவிடுங்கள். தவறிப்போய்த் தளிர் கருகினாலும் பெரும்பாலும் சில கிழமையில் மறுபடி துளிர்க்கும்.

சாடியில் வளர்ப்பவர்கள்

டவுன்ஹவுஸில் ஒரு சீமெந்து முற்றம்தான் இருக்கிறது என்றால் சாடியிலும் வளரும், தொங்கு இரகங்கள் அதற்கு நன்றாக அமையும். அடியில் ஓட்டையுள்ள, உறைந்தாலும் வெடிக்காத சாடி, வேர்க்கட்டியை விட நாலைந்து விரல் அகலமாக. மண்சாடி குளிரில் உறைந்து பிளந்துவிடும். கோடையில் தினமும் ஈரம் பார்க்கவேண்டும், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொட்டு விரிய முன்னர் எடுத்து வெளிவேரைக் கொஞ்சம் வெட்டிப் புதுமண்ணில் வைக்கவேண்டும்.

கிளை மைனஸ் இருபதைத் தாங்கும், வேர் தாங்காது, சாடிக்குள் மைனஸ் பத்தளவிலேயே வேர் சாகத் தொடங்கும். அதனால் இலை கொட்டி இரண்டு மூன்று உறைபனி பார்த்ததும் சூடாக்காத கராஜுக்குள் தள்ளுங்கள், மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர், அல்லது இரண்டு கைப்பிடி பனியை அள்ளி மண்மேல் போட்டாலும் சரி. பாவம் குளிரும் என்று வரவேற்பறைக்குள் கொண்டுவந்தால் ஜனவரியில் துளிர்த்து, வெளிச்சம் போதாமல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். கராஜ் இல்லாதவர்கள் சாடியை வீட்டுச் சுவரோரம் வடக்கோ கிழக்கோ நிலத்தில் புதைத்து, மேலே உதிர்ந்த இலையைக் குவித்துவிடலாம். பதினைந்தாம் மாடி பல்கனியில் வைக்கலாமா என்று கேட்டால், காற்றும் அடியிலிருந்து ஏறுகிற குளிரும் சேர்ந்து விடாது, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

முன்பக்கம் பெரிய மேப்பிள் நின்றால்தான் மனம் ஆறும் என்பவர்கள் ரொறன்ரோவுக்குள் இருந்தால் நகரசபைக்கு விண்ணப்பியுங்கள், வீட்டுக்கு முன்னால் வீதியோரமாக நகரசபைக்குச் சொந்தமான நிலத்தில் இடம் இருந்தால் இலவசமாகவே ஒரு மரம் நட்டுத் தருவார்கள். எந்த இனம் வேண்டும் என்று தெரிவு கேட்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். நட்ட பிறகு அதற்கும் அந்த ஓட்டை வாளி தேவைப்படும்.